மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி, கைபேசி சார்ஜர் வரை வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூடத்து மின்விசிறியை மட்டும் ஓடவிட்டேன். பிறகு வாசலில் உள்ள மின்பெட்டிக்கு முன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அம்மா விநாடிகளைச் சொல்லிக்கொண்டே வர, நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 15 விநாடிக்கு ஒருமுறை அது சிமிட்டியது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 240 சிமிட்டல்கள். அந்தப் பழைய மின்விசிறி 75 வாட் வாங்குகிறது என்று பொருள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் புதிய மின்விசிறியை மாட்டி அதே வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே 37 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 30 வாட். கீழே பாயில் படுத்திருந்தவர்களுக்குக் காற்றில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

பசுமைத் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு மின்சாரக் காரும் பெரிய காற்றாலையும் நினைவுக்கு வருகின்றன. என் மனத்துக்கு நெருக்கமான பொருள்களில் முதலிடம் இந்த மின்விசிறிக்குத்தான். மதுரையில் மாசி பிறந்தது முதல் ஐப்பசி மழை இறங்கும் வரை மின்விசிறி நிற்கும் நேரம் மிகக் குறைவு. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உதவும் என்று சொல்லி விற்கப்படும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். அது ஆண்டில் எத்தனை மணி நேரம் உழைக்கப் போகிறது? அது கெட்டுப்போனால் நம் ஊரில் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டு கேள்விகளும் என் வீட்டில் சில பொருள்களை நிலைநிறுத்தியிருக்கின்றன. ஒன்றிரண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கின்றன.

முதலில் மின்விசிறியின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வகை மின்விசிறியில் காயிலும் கண்டென்சரும் சேர்ந்து சுழலும் காந்தப்புலம் ஒன்றை உருவாக்குகின்றன. அந்தப் புலம் சுழலும் பகுதிக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி, அந்த மின்னோட்டத்தின் மூலமாகத்தான் அதை இழுத்துச் சுற்றுகிறது. இந்த வேலையில் பெரும்பகுதி மின்சாரம் வெப்பமாகப் போய்விடுகிறது. இரவெல்லாம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு அதன் நடுக்குடத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பி.எல்.டி.சி. என்று கடைக்காரர்கள் சொல்லும் புதிய வகையில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்களே பதிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டிய தேவை இல்லை. ஒரு சிறிய மின்னணுப் போர்டு, வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, காயில்களுக்கு முறைவைத்துக் கொடுக்கிறது. எங்கள் கூடத்து ஃபேனின் குடம் காலையில் தொட்டாலும் இளஞ்சூடாகத்தான் இருக்கிறது.

இந்த வகை சீலிங் ஃபேனை இந்தியாவில் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கோவை என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். பம்பு மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பெயர்பெற்ற அந்த ஊரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இல் 35 வாட்டில் ஓடும் ‘சூப்பர்ஃபேன்’ என்பதை வெளியிட்டது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் எல்லாமே இந்த வகைக்கு வந்துவிட்டன. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், கடையில் நிற்கும்போதே எது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

எங்கள் வீட்டில் மூன்று ஃபேன்கள். ஒவ்வொன்றும் சராசரியாக நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஃபேனுக்கு 45 வாட் வீதம் ஆண்டுக்கு 486 யூனிட் மிச்சமாகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே மூன்று ஃபேன்களை மாற்றியதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 340 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்காமல் நிற்கிறது. இதற்காக நாங்கள் வெப்பத்தில் வாடவும் இல்லை, எந்த வசதியையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரி முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறது என்பது கூடுதல் நன்மை.

இந்த மிச்சம் எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஃபேன்கள் அதிகமாக ஓடுவது இரவில். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தல் காற்றாலைகள் இரவிலும் கை கொடுக்கின்றன. மற்ற மாதங்களின் இரவுகளில் நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை போன்ற இடங்களில் எரியும் நிலக்கரியிலிருந்தும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வருகிறது. கூரையில் எத்தனை சோலார் தகடு வைத்தாலும் இரவு இரண்டு மணிக்கு ஓடும் ஃபேனுக்கு அது மின்சாரம் தராது. அந்த நேரத்தில் குறையும் 45 வாட் நேராக நிலக்கரியிலிருந்து குறைகிறது. அதனால்தான், கையில் பத்தாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் முதலில் ஃபேனை மாற்றுங்கள் என்று சொல்கிறேன்.

இந்த ஃபேனுக்கும் ஒரு குறை உண்டு. அதை எங்கள் வீட்டிலேயே பட்டோம். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் பெரிய இடி ஒன்று விழுந்தபோது அம்மாவின் அறை ஃபேன் நின்றுபோனது. நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்த பிறகு ஆள் வர மூன்று வாரம் ஆனது. வந்தவரும் போர்டு தனியாகக் கிடைக்காது, முழு மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழைய ஃபேன் என்றால் கடைவீதியில் கண்டென்சர் வாங்கிப் போட்டு அன்று மாலையே ஓடவிட்டிருக்கலாம். எங்கள் தெருமுனையில் முப்பது ஆண்டாக மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். போர்டைக் கழற்றி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் நீல நிற வில்லை ஒன்று வெடித்துக் கருகியிருந்தது. பக்கத்தில் இருந்த ஃபியூஸும் போயிருந்தது. “இடியைத் தான் வாங்கிக்கிட்டு போர்டைக் காப்பாத்தியிருக்கு தம்பி, இது ரெண்டும் போனா மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றார். இரண்டையும் மாற்றி ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். கூலியோடு சேர்த்து 150 ரூபாய். அந்த ஃபேன் இன்றும் ஓடுகிறது.

சில தயாரிப்புகளில் போர்டின்மீது பிசினை ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள் என்றும், அவற்றைத் தன்னால் திறக்கவே முடிவதில்லை என்றும் அவர் வருத்தப்பட்டார். ஈரமும் தூசியும் போகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து ஆண்டு உழைக்க வேண்டிய காந்தமும் தாமிரமும் இரும்பும் பத்து ரூபாய் உறுப்பு ஒன்றுக்காகக் குப்பைக்குப் போனால், மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. போர்டைத் தனியாக விற்காத நிறுவனத்தின் ஃபேனை வாங்குவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். வாங்குமுன் இதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

எல்.இ.டி. விளக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட்டில் செய்யும் அது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. நீல ஒளி தரும் டையோடை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே இந்திய அரசு உஜாலா திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்க, அதன் விலை சில ஆண்டுகளில் சரிந்தது. ஒரு நல்ல பொருளை அரசு பெருமளவில் வாங்கினால் அது ஏழை வீட்டுக்கும் எட்டும் என்பதை அந்தத் திட்டத்தில் கண்டோம். ஃபேனுக்கும் அப்படி ஒரு காலம் வர வேண்டும் என்பது என் ஆசை.

கூரைச் சோலாரை நாங்கள் 2024இல் வைத்தோம். அந்த ஆண்டு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்திருந்தார்கள்; அது வங்கிக் கணக்குக்கு நேராக வந்தது. 540 வாட் தகடுகள் ஆறு. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு எங்கள் வீட்டில் சரியாகவே இருக்கிறது. ஆனால் எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கும் என்பதில் நான் நினைத்தது தவறாகிவிட்டது. கத்திரி வெயிலில் தகடுகள் கொட்டித் தீர்க்கும் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் மாசியிலும் பங்குனியிலும்தான் எங்களுக்கு அதிக யூனிட் வந்தது. தகட்டின் திறனை 25 பாகை செல்சியஸில் வைத்து அளந்துதான் 540 வாட் என்று எழுதுகிறார்கள். வெயிலில் கிடக்கும் தகடு 60 பாகைக்கு மேலும் சூடேறுகிறது. ஒவ்வொரு பாகைக்கும் திறனில் ஏறக்குறைய 0.35 விழுக்காடு குறைகிறது. ஆகவே தகடுக்கு வேண்டியது ஒளி மட்டுமே. வெப்பம் அதற்கும் நம்மைப் போலவே துன்பம். கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்று போகும்படி உயர்த்திக் கட்டச் சொல்லும் காரணம் இதுதான். எங்கள் வீட்டில் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் கட்டினோம். அந்த நிழலில் இப்போது அம்மா துணி காயப்போடுகிறார்.

நிழல் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது இன்னும் அதிகம். பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தின் ஒற்றை மட்டை பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தகட்டின் குறுக்கே நிழல் போடும். ஒரு கை அகலம்கூட இல்லாத அந்த நிழல், கைபேசியில் தெரியும் உற்பத்திக் கோட்டில் பள்ளம் விழச் செய்தது. தகட்டில் உள்ள செல்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரு செல் நிழலில் முடங்கினால் அதன் வழியே மின்னோட்டம் குறைந்து, அந்த வரிசை முழுவதும் ஒதுக்கிவைக்கப்படுகிறது. வேலை செய்யவந்தவர்கள் மரத்தை வெட்டச் சொல்லுங்கள் என்றார்கள். நிழல் தரும் மரத்தை வெட்டிவிட்டுச் சோலார் வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டு தகடுகளைக் கழற்றி மாடியின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினோம். ஒரு நாள் கூலி செலவானது, தென்னை நிற்கிறது.

பட்டப்பகலில் மின்வெட்டு வந்தால், உச்சி வெயிலில் தகடுகள் பளபளத்துக்கொண்டிருக்க, வீட்டில் சோலார் மின்சாரமும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இது பழுது இல்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின்வாரிய ஊழியர் லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கும்போது, நம் கூரையிலிருந்து போகும் மின்சாரம் அவரைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, லைனில் மின்சாரம் இல்லாதபோது சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். விற்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்குபவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

சோலார் வந்த பிறகு எங்கள் வீட்டின் நேரம் மாறியது. முன்பு விடியற்காலையில் தண்ணீர் மோட்டாரும் மாலையில் கிரைண்டரும் ஓடும். இப்போது மோட்டார், கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் மூன்றும் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் நடுவே முடிந்துவிடுகின்றன. மாலையில் ஊரெல்லாம் விளக்கு போடும் நேரத்தில் மின் தேவை கூடிவிடுகிறது. அந்த நேரத்தில் நம் வீட்டிலிருந்து ஒரு கிரைண்டராவது குறைந்தால் நல்லது என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு எனக்கு நினைவூட்டுவதே அவர்தான். “பத்து மணிக்கு மேல கரண்டு நம்மளது, அரிசியை அப்ப ஊறப்போட்டாப் போதாது, வெள்ளென போட்டுரணும்” என்று அரிசி ஊறவைக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டார்.

தகடுகள் நிழல் போடாத மிச்ச மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். விலைப்படி பார்த்தால், நான் சொல்லும் பொருள்களில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. முன்பு எங்கள் பெரியவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் சேர்த்து இடித்துத் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அந்தக் கனத்த அடுக்கு வெப்பத்தைக் கீழே இறங்க விடாது. இன்றைய கான்கிரீட் கூரையில் பெரும்பாலும் அந்த அடுக்கு இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் அடுப்பைப் போல அறைக்குள் அனலைக் கக்குகிறது. வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. தை முடிந்ததும் மாடியைக் கழுவி, சுண்ணாம்பைக் கரைத்து, பிடிப்புக்குப் பசை சேர்த்து இரண்டு கை பூசினோம். 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. சித்திரையில் பிற்பகல் இரண்டு மணிக்குக் காய்ந்த வற்றலை எடுக்கச் செருப்பில்லாமல் மாடியில் கால் வைத்து நடக்க முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு எட்டு வைத்தாலே கால் பொரியும். மழையில் இது கரைந்துபோகும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்த வழக்கத்தின் தொடர்ச்சியாக இதை வைத்துக்கொண்டால் சிரமம் தெரியாது.

ஏசியையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அறுபது வயதைக் கடந்தவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில், இரவிலும் வெப்பம் தணியாத நாள்களில் ஏசி என்பது ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் உள்ளே இருக்கும் வாயுவைப் பற்றி அதிகம் பேச வேண்டும். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்22 ஒரு கிலோ வெளியேறினால், அது நூறு ஆண்டுக் கணக்கில் 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இப்போது பரவலாக உள்ள ஆர்32க்கு அந்த எண் 675. புரொப்பேன் எனப்படும் ஆர்290க்கு வெறும் 3. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் கூடி, ஆர்32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. நம் அளவில் செய்யக்கூடியது, ஏசியை இடம் மாற்றும்போதோ பழுதுபார்க்கும்போதோ வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டச் சொல்வது. வேலை தெரிந்தவர்களுக்குச் சில நிமிட வேலை அது. பக்கத்தில் நின்று கேட்டால் செய்வார்கள். ஏசியை 27 பாகையில் வைத்து அந்த 30 வாட் ஃபேனையும் ஓடவிட்டால் 24இல் கிடைக்கும் சுகம் கிடைக்கிறது என்பது எங்கள் அனுபவம். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற்றி உடம்பைக் குளிர்விக்கிறது.

என் இரண்டு கேள்விகளிலும் தோற்றுப்போன பொருளையும் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே, ஆர்வத்தில் நாங்கள் வாங்கியது கண்ணாடிக் குழாய்கள் கொண்ட சோலார் வாட்டர் ஹீட்டர். நல்ல தொழில்நுட்பம்தான், குழாயின் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியே போவதில்லை. ஊட்டியிலோ ஏற்காட்டிலோ இருப்பவர்களுக்கு நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மதுரையில் எங்களுக்கு வெந்நீர் தேவைப்பட்டது மார்கழியும் தையும் மட்டுமே. மிச்சப் பத்து மாதமும் அது மாடியில் சும்மா கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கூடியது. அந்த நீருக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று விற்றவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்காம் ஆண்டில் குழாய்களின் உள்ளே வெள்ளைப் படிவம் விரல் கனத்துக்கு ஏறி, ஒன்று வெடித்து, தொட்டியும் ஒழுகத் தொடங்கியது. அதைச் செய்யச் செலவான கண்ணாடியும் எஃகும் எத்தனை யூனிட் மின்சாரத்தை விழுங்கியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆண்டுக்கு அறுபது நாள் மட்டும் தேவைப்படும் ஒரு வேலைக்கு, அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் போதுமாயிருந்தது.

வீடுவீடாக இந்தப் பொருள்கள் பரவாமல் இருப்பதற்கு விலை ஒரு காரணம் என்றால், வாடகை இன்னொரு காரணம். வாடகை வீட்டில் ஃபேனை வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரர் கடையில் இருப்பதிலேயே மலிவான ஃபேனை வாங்குகிறார். அது எடுக்கும் மின்சாரம் அவர் கையைக் கடிப்பதில்லை. குடியிருப்பவரோ, நாளை காலி செய்யப்போகும் வீட்டுக்கு 3,000 ரூபாய் ஃபேன் எதற்கு என்று நினைக்கிறார். இப்படி நகரங்களில் பல வீடுகள் பழைய ஃபேனோடு நின்றுவிடுகின்றன. இதைப் பற்றி இவ்வளவு யோசித்த பிறகும், எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு நான் மாட்டிக்கொடுத்திருந்தவை அதே 75 வாட் ஃபேன்கள்தான் என்பது சென்ற மாதம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் மின்பெட்டியில் இரண்டு மீட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரவு கதவைப் பூட்ட வரும்போது எங்கள் மீட்டரின் விளக்கு நிதானமாகச் சிமிட்ட, அவர்களுடையது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் அவர்கள் கூடத்து ஃபேனை மாற்றினோம். போர்டு தனியாகக் கிடைக்கும் தயாரிப்பா என்று கேட்டு வாங்கி, காயில் கட்டும் அண்ணனைக் கொண்டே மாட்டச் செய்தேன். படுக்கையறைகள் இரண்டும் மிச்சம் இருக்கின்றன. பங்குனி முடிவதற்குள் அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.